அத்தானின் இடுப்புக்கு ஒரு துப்பாக்கி

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கைத்துப்பாக்கியை எடுத்தார். உள்ளே குண்டு இல்லை என்று எங்களுக்குக் காட்டிவிட்டுப் பச்சைத் துணியின் மேல் வைத்தார். அத்தான் அதைக் கையில் எடுக்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து கலிப்பரை எடுத்தார். பட்டறையில் காப்பின் கனம் பார்க்கும் அதே கருவி. அதன் இரண்டு தாடைகளையும் துப்பாக்கியின் பிடியில் நெருக்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார்.

“முப்பத்திரண்டு தசம் நாலு” என்றார் என்னிடம். “மேல்பக்கம் இருபத்திமூண்டு. பிடிதான் தடிப்பு.”

கடைக்காரர் சிரித்தார். இருபது வருடமாக இந்த மேசைக்குப் பின்னால் நிற்கிறாராம். எல்லோரும் துப்பாக்கியை எடுத்துச் சுவரைக் குறிபார்ப்பார்களாம். அளந்து பார்த்த முதல் ஆள் இவர்தானாம். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அத்தான் சிரிக்கவில்லை.

“இதைவிட மெல்லிசு இல்லையா எண்டு கேள் மச்சான்.”

கேட்டேன். இருக்கிறது, ஆனால் இந்த நாட்டில் விற்க முடியாது என்றார் கடைக்காரர். அந்தப் பதிலை நாங்கள் அதற்கு முன்பே வேறு இடத்தில் கேட்டிருந்தோம். இருந்தும் அத்தான் கேட்கச் சொன்னார்.

அத்தான் என் அக்காவின் கணவர், நகை செய்பவர். மட்டக்களப்பில் அவருடைய தகப்பனும் எங்கள் தகப்பனும் அடுத்தடுத்த பட்டறைகளில் இருந்தவர்கள். எங்கள் வீட்டில் பட்டறையில் உட்காராமல் பத்திரிகைக்குப் போனவன் நான் மட்டும்தான். மொன்ட்ரியாலில் பத்திரிகை வேலை கிடைக்கவில்லை. சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தேன். அத்தானின் தொழில் அப்படியே கடல் கடந்து வந்துவிட்டது. பியர்பொன்ட்ஸில் அவர்கள் வாங்கிய வீட்டின் பேஸ்மென்டில் பட்டறை. அக்கா ஒரு கார்டெரியில் பிள்ளைகள் பார்க்கும் வேலை. ஊரில் போர்நிறுத்தம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. அங்கே போய்க் கல்யாணம் முடித்துவருகிறவர்கள் கூடியிருந்தார்கள். இங்கேயும் கல்யாணங்களுக்குக் குறைவில்லை.

அத்தானுக்குக் கடை கிடையாது. அவர்தான் வீடுகளுக்குப் போவார். பொம்பிளை வீட்டுக்காரர் நகையைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துப் பார்க்கவேண்டும், வீட்டுப் பெரியவர்கள் கையில் வாங்கிப் பார்க்கவேண்டும். அதைவிடப் பொன்னுருக்கு இருக்கிறது. தாலிக்குரிய பவுணை நல்ல நாள் பார்த்து மாப்பிள்ளை வீட்டில், உறவுக்காரர் எல்லோருக்கும் முன்னால் உருக்கவேண்டும். அதற்கு நகை செய்பவர் அடுப்பும் பொன் உருக்கும் குகையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்த்தான் ஆகவேண்டும். அத்தான் கார் ஓட்டுவதில்லை. மூன்று தடவை ஓட்டுநர் சோதனையில் தவறி, நாலாவது தடவை போகமாட்டேன் என்றுவிட்டார். பஸ்ஸிலும் மெட்ரோவிலும் போனார். தோள் பையில் பட்டறை ஆயுதங்கள், இடுப்பில் நகை. அக்கா தடித்த வெள்ளைத் துணியில் தைத்துக் கொடுத்த பட்டை ஒன்று. ஆறு அறை, ஒவ்வொன்றுக்கும் பொத்தான். இரண்டு சேர்ட், ஒரு சுவெட்டர், ஒரு கோட்டுக்கு உள்ளே அது இருக்கும். போன வீட்டில் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று ஒவ்வொன்றாக உயர்த்திப் பட்டையை அவிழ்ப்பார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். “அண்ணை, உள்ளுக்கை இன்னும் எத்தினை கடை இருக்கு?” என்று யாராவது கேட்பார்கள். அவருக்கும் அது பிடிக்கும். கொஞ்சம் ஆறுதலாகவே அவிழ்ப்பார்.

ஒரு ஜனவரி பின்னேரம் மொன்ட்ரியால்-நோரில் பஸ் தரிப்பில் அவரை இரண்டு பேர் மறித்தார்கள். முகத்தில் சால்வை. ஒருவனிடம் கத்தி. தோள் பையை அவர்கள் தொடவில்லை. கோட்டின் சிப்பைத் திறந்து, சுவெட்டரையும் சேர்ட்டுகளையும் ஒரே பிடியாக மேலே தூக்கி, பட்டையைக் கத்தியால் அறுத்து எடுத்துக்கொண்டு பனிக்குவியலைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஒரு பொம்பிளைக்குரிய சங்கிலியும் ஆறு காப்பும் அதில் போனது. வயிற்றில் ஒரு கீறல், மூன்று அங்குலம், ஆழமில்லை. அடுத்த பஸ் வந்தபோது அத்தான் ஏறி, வழமையான இருக்கையில் இருந்து வீட்டுக்கு வந்தார். பொலிசுக்கு அக்காதான் சொன்னாள்.

பொலிஸ்காரர் கேட்ட கேள்விகளுக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். உயரம்? தெரியாது. உடுப்பு? கறுப்பு. என்ன மொழியில் பேசினார்கள்? அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு, “ஒண்டும் கதைக்கேல்ல” என்றார். அதை அப்படியே சொன்னேன்.

மூன்று கிழமை கழித்து என் காரில் வைத்து அதைத் திருத்தினார்.

“ஒருத்தன் கதைச்சவன் மச்சான்.”

“என்ன கதைச்சவன்?”

“நான் வயித்தைப் பொத்திப் பிடிச்சன். ‘கையை எடு’ எண்டான்.”

“பிரெஞ்சிலயா?”

“தமிழில.”

சிவப்பு விளக்கு பச்சையாகியும் நான் காரை எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

“ஏன் பொலிசுக்குச் சொல்லேல்ல?”

“சொல்லி? எந்த வீட்டுக்குப் பொலிசை அனுப்புற? நான் போன எல்லா வீட்டுக்குமா? பிறகு ஆரு என்னைக் கூப்பிடுவான்?” என் பக்கம் திரும்பினார். “அக்காவுக்கும் சொல்லாத. ஒருத்தருக்கும் சொல்லாத. சத்தியம் பண்ணு.”

செய்தேன். செய்தியாளனாக இருந்த காலத்தில் ஆளின் பெயரை மறைப்பதற்கு இதைவிடச் சிறிய காரணங்களுக்கும் வாக்குக் கொடுத்தவன். அது கடினமாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் வெளியே நகை கொண்டு போகவில்லை. தேடிவருகிறவர்களுக்கு பேஸ்மென்டில் வைத்துச் செய்துகொடுத்தார். ஆனால் பொன்னுருக்கு அப்படி வராது. அதற்குப் போக வேண்டும். போவதற்கு அவருக்கு ஒரு வழிதான் தெரிந்தது.

அமெரிக்காவிலிருந்து வரும் துப்பாக்கிச் சஞ்சிகைகளை மெட்ரோ நிலையக் கடையில் வாங்கினார். அவருக்கு ஆங்கிலம் தொழிலுக்குப் போதும், வாசிப்புக்குப் போதாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையில் இருந்து நான் வாசித்துச் சொல்வேன். ஏறக்குறைய ஒவ்வொரு இதழிலும் ஒரே மாதிரி ஒரு கட்டுரை இருந்தது: தினமும் உடுப்புக்குள் மறைத்து வைத்துக்கொள்ளத் தோதான மெல்லிய கைத்துப்பாக்கி எது? மெல்லியதாக இருக்கவேண்டும். துணியில் மாட்டும் மூலைகள் இருக்கக்கூடாது. எடுத்தால் சுடவேண்டும், இறுகக்கூடாது. எழுதியவர்கள் கோடைச் சேர்ட்டோடு கண்ணாடிக்கு முன்னால் நின்று படம் எடுத்திருந்தார்கள், எங்கே இருக்கிறது கண்டுபிடி பார்க்கலாம் என்பதுபோல.

“நம்பிக்கையானது எண்டு எப்படிச் சொல்லுறாங்க?” என்று அத்தான் கேட்டார்.

“ஆயிரம் குண்டு சுட்டுப் பாத்திருக்கிறாங்க. ஒருக்காலும் இறுகேல்லயாம்.”

“எனக்கு ஆயிரம் வேணாம். ஒண்டு காணும்.”

சஞ்சிகையில் இருந்த அளவுகளை எழுதி எடுத்துக்கொண்டு, பட்டறையில் மேப்பிள் பலகையில் ஒரு கட்டை அறுத்தார். துப்பாக்கி உருவம் அதற்கு இல்லை. நீளம், அகலம், கனம் மட்டும். உள்ளே குடைந்து ஈயம் ஊற்றி நிறையைச் சரிசெய்தார். அதை வலது இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார், படி ஏறினார், சாப்பாட்டு மேசையில் இருந்தார். பஸ் இருக்கை போல ஒரு கதிரையைச் சுவரோடு போட்டு இருந்து எழும்பிப் பார்த்தார்.

அக்கா கார்டெரியிலிருந்து களைத்து வந்து, சோற்றை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“பொன்னுருக்கவா போறீங்க, சண்டைக்கா?”

“வயித்தில குத்துது” என்றார் அத்தான், அவளுக்கு இல்லை, எனக்கு. மேசையிலிருந்து எழும்பிப் போய் அரத்தால் அந்த மூலையைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

“கட்டையைத் தேய்ப்பீங்க. துவக்கை எப்படித் தேய்க்கிற?”

“துவக்கு தேயாட்டி வயிறு தேயட்டும்.”

உண்மையில் அப்படித்தான் செய்தார். இரவுச் சோற்றை நிறுத்தினார். சித்திரைக்குள் காற்சட்டையில் இரண்டு அங்குலம் இடம் வந்துவிட்டது. “கல்யாணம் முடிச்ச நேரம் இப்படி மெலியச் சொன்னனான், கேக்கேல்ல” என்றாள் அக்கா. அவள் கேலி செய்தவரை எனக்கும் அது ஒரு பைத்தியம் பிடித்த ஆளின் பொழுதுபோக்காகவே பட்டது. அவர் கட்டையைக் கழற்றாமல் நித்திரை கொள்கிறார் என்று அவள் சொன்ன நாளிலிருந்து அந்தக் கேலி நின்றுவிட்டது.

கைத்துப்பாக்கி வைத்திருக்க இரண்டு நாள் வகுப்பு, சோதனை, பிறகு அனுமதிப்பத்திரம். வகுப்புக்கு என்னையும் சேர்த்துப் பதிந்தார், மொழிக்காக. படிப்பித்தவர் ஓய்வுபெற்ற ஒரு பருத்த மனிதர், கையில் ஒரு கரும்பலகைக் கோல். முதல் நாள் மதியத்துக்கு முன்பே சஞ்சிகைகளின் கதை முடிந்துவிட்டது. குழாய் நூற்றைந்து மில்லிமீற்றருக்கு மேல் இல்லையென்றால் கனடாவில் அந்தக் கைத்துப்பாக்கி தடைசெய்யப்பட்டது. சில சிறிய குண்டளவுகளும் தடை. நாங்கள் குறித்து வைத்திருந்த பட்டியலில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இடைவேளையில் வெளியே நின்று கோப்பி குடித்தோம்.

“மெல்லிசு எல்லாம் தடையா?”

“கிட்டத்தட்ட எல்லாம்.”

“தடிச்சதை விடுவாங்க?”

“விடுவாங்க. சுடும் கழகத்துக்குக் கொண்டு போகலாம், திரும்பக் கொண்டு வரலாம். பெட்டியில பூட்டி.”

“அப்ப, ஒளிக்கேலாததை வைச்சிருக்கலாம். ஒளிக்கக் கூடியதை வைச்சிருக்கேலாது.”

“அதுக்குத்தானே அத்தான் சட்டமே போட்டிருக்கு.”

பின்னேரம் அவர் கை உயர்த்தி, என் மூலமாக ஒரு கேள்வி கேட்டார். உடம்பில் கொண்டு திரிய அனுமதி கிடைக்குமா? உயிருக்குப் பயம் என்று கேட்டு யாருக்கும் கொடுத்ததைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றார் படிப்பித்தவர். பணவண்டிக் காவலர்கள்போல, பெறுமதியான பொருளைத் தொழிலாகக் கொண்டு போகிறவர்களுக்கு வேறு வகையில் உண்டு என்றும் சொன்னார். அத்தானின் காதில் இரண்டாவது வாக்கியம் மட்டும் விழுந்தது.

“நானும் பெறுமதியான சாமான்தானே கொண்டு போறன்” என்றார், வீடு வரும் வரைக்கும்.

சுடும் கழகத்தில் சேர்ந்தார். நானும் பார்வையாளனாகப் போனேன். அவர் கை நடுங்காது. நாற்பது வருடமாக ஊதுகுழலும் இடுக்கியும் பிடித்த கை. கழகத்துத் துப்பாக்கியில் பழகியபோது தாளில் ஐந்து ஓட்டைகள் ஒரு தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் அடங்கும். ஆனால் முதல் நாள், பக்கத்து ஆள் சுடத் தொடங்கிய சத்தத்தில் அத்தான் இருந்த இடத்தில் இல்லை. குனிந்து பார்த்தேன். வாங்குப் பலகைக்குக் கீழே இருந்தார். நிலத்தில் கிடந்த வெற்றுக் குண்டுக் கோது ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு எழும்பி, “விழுந்துபோச்சு” என்றார். அவர் அதுவரை ஒரு குண்டும் சுட்டிருக்கவில்லை.

அடுத்த மாரிக் குளிரில் அனுமதிப்பத்திரம் வந்தது. கலிப்பரோடு அந்தக் கடைக்குப் போனது அப்போதுதான். சட்டம் விட்டவற்றில் மிக மெல்லியதை வாங்கினார். தடிப்பு சரி, ஆனால் நீளம் ஒரு சாண். அது ஒரு பூட்டிய பெட்டியில், பட்டறை அலுமாரியில் இருந்தது. அத்தான் இடுப்பில் கட்டையைத்தான் தொடர்ந்து கட்டினார்.

மொன்ட்ரியால்-நோரில் ஒரு குடும்பம் ஆவணியில் பொன்னுருக்குக்குக் கேட்டிருந்தது. பழைய ஆட்கள், அவரைத் தவிர வேறொருவரைக் கூப்பிட விரும்பாதவர்கள். அத்தான் ஓம் என்றுவிட்டார். அந்த நாளுக்குள் கொண்டு திரியும் அனுமதியை எடுத்துவிடவேண்டும். எடுத்தால் போவார், போனால் தொழில் திரும்பவும் தொடங்கும். எல்லாம் அந்த ஒன்றில் வந்து நின்றது. விண்ணப்பத்தை என்னிடம் தந்தார்.

“நீதானே எழுதுறனீ. வடிவா எழுது.”

அந்தக் காலத்தில் நான் பின்னேரங்களில் ஒரு வழக்கறிஞருக்காக அகதி வாக்குமூலங்கள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையில் எனக்குப் பெயர் இருந்தது. என்ன நடந்தது, யார் செய்தது, எந்த வரிசையில், இப்போதும் ஏன் பயம். மிகைப்படுத்தாமல், ஒன்றையும் விடாமல் எழுதவேண்டும். விசாரணையில் ஆளை நம்பிவிட்டால் வழக்கு வென்றது. அத்தானின் வாக்குமூலத்தையும் பல வருடங்களுக்கு முன்பு நான்தான் எழுதினேன். அது வென்றது.

படிவத்தில் ஒரு கேள்வி: உங்கள் உயிருக்கு யாரால் ஆபத்து? பேனையை வைத்துவிட்டு அத்தானைப் பார்த்தேன்.

“அந்தச் சொல்லை எழுதுவமா?”

“எந்தச் சொல்?”

“அவன் தமிழில கதைச்சதை. ‘எனக்கு ஆரோ தெரிஞ்ச ஆக்கள், என்ர வழியெல்லாம் அறிஞ்ச ஆக்கள்’ எண்டு எழுதினா ஆபத்து இஞ்ச இருக்கு எண்டு விளங்கும்.”

“சத்தியம் பண்ணினனீ.”

“அதில்லாட்டி ஒண்டுமில்ல அத்தான். ஆரோ ரெண்டு கள்ளர் எண்டுதான் வரும்.”

“மற்றதை எழுது. ஆமியை எழுது. காம்பை எழுது. அது காணாதா?”

எழுதினேன். நாலு பக்கம், இணைப்பாக. அவரை முகாமுக்குக் கொண்டு போன நாள். அங்கே என்ன செய்தார்கள். பட்டறை எரிந்தது. இங்கே வந்த பிறகும் படியில் காலடி கேட்டால் எழும்பி இருப்பது, வெடிச்சத்தத்துக்கு நிலத்தில் விழுவது, குடும்ப வைத்தியர் கொடுத்த நித்திரைக் குளிசை, இடுப்பைப் பொத்திக்கொண்டு நித்திரை கொள்வது. பிறகு பஸ் தரிப்பு, கத்தி. எல்லாம் உண்மை. வசனம் எதிலும் ஒரு சொல் கூடவில்லை. வாசித்துக் காட்டியபோது அத்தான் கண்ணைத் துடைத்தார். “இதுக்கு இல்லை எண்டு சொல்ல மனிசனால ஏலாது” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பங்குனி முடியத் துப்பாக்கி அனுமதி அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். நரைத்த தலைமுடியைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண் அதிகாரி, பிரெஞ்சுக்காரி. எங்களுக்காக ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். மேசையில் என் நாலு பக்கங்களும் கிடந்தன. ஓரங்களில் பென்சில் கோடுகள்.

“இதில் இருப்பதெல்லாம் உண்மையா?” என்று கேட்டார்.

“ஓம்” என்றார் அத்தான், நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே.

“வெடிச்சத்தம் கேட்டால் நிலத்தில் விழுகிறீர்களா?”

“ஓம்.”

“நித்திரைக் குளிசை எவ்வளவு காலமாக?”

“வந்ததிலயிருந்து.”

அத்தானின் குரலில் உற்சாகம் இருந்தது. அவர் நிமிர்ந்து இருந்தார். அகதி விசாரணையிலும் இப்படித்தான் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டார்கள், ஒவ்வொரு ஓமுக்கும் முகம் கனிந்துகொண்டே வந்தது. இந்தப் பெண்ணின் முகமும் கனிந்துகொண்டுதான் வந்தது. நான் அவர் பென்சில் கோடு போட்ட இடங்கள் எவை என்று தலைகீழாக வாசிக்கப் பார்த்தேன். அதிகாரி ஒரு கோப்பைத் திறந்து, முதல் அனுமதிப்பத்திரத்துக்கு நாங்கள் நிரப்பிய படிவத்தை எடுத்து என் பக்கங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். கடந்த ஐந்து ஆண்டுகளில் மனச்சோர்வு, மனநலம் சம்பந்தமாக ஏதாவது சிகிச்சை? இல்லை என்ற கட்டத்தில் அடையாளம் இருந்தது. என் கையால் போட்டது. நித்திரைக் குளிசையை அத்தான் சிகிச்சை என்று நினைத்ததில்லை, நானும் கேட்டதில்லை.

“இன்றைக்கு, இந்த நகரத்தில், இவருடைய உயிருக்கு ஆபத்து யாரால்?”

மொழிபெயர்த்தேன். அத்தான் என்னைப் பார்த்தார். அவர் பார்வை என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேருக்கு விடை தெரியும்.

“ஆமி எண்டு சொல்லு” என்றார்.

சொன்னேன். அதிகாரி பேனையை வைத்துவிட்டார்.

“அந்த இராணுவம் இப்போது பியர்பொன்ட்ஸில் இருக்கிறதா, ஐயா?” அவர் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். நான் மொழிபெயர்ப்பாளன். கேட்காததைச் சொல்லக்கூடாது. சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுத்திருந்தேன். மேசையில் கிடந்த பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தானுக்கு நடந்ததற்குத் தான் மிகவும் வருந்துவதாக அதிகாரி சொன்னார். எழும்பும்போது திரும்பவும் சொன்னார். கதவடியில் இன்னொரு தடவை. எழுதியதில் ஒரு சொல்லையும் அவர் சந்தேகிக்கவில்லை.

“நல்ல மனிசி” என்றார் அத்தான் லிஃப்டில். “நம்பிட்டா, என்ன?”

“ஓம். நம்பிட்டா.”

நம்பியதுதான் பிரச்சினை என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. பார்க்கிங்கில் காரைத் தேடினோம். வீடு வரும்வரை அவர் ஆவணிக்கு என்னென்ன செய்யவேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

கடிதம் மூன்று கிழமையில் வந்தது. கொண்டு திரியும் அனுமதி இல்லை. அதோடு, விண்ணப்பதாரரே தந்த தகவல்களின்படி அவரிடம் துப்பாக்கி இருப்பது அவருக்கும் மற்றவர்களுக்கும் பாதுகாப்பு அல்ல என்பதால் ஏற்கெனவே இருந்த அனுமதிப்பத்திரமும் ரத்து. ‘விண்ணப்பதாரரே தந்த தகவல்கள்’ என்பதை இரண்டு முறை வாசித்தேன். அந்தத் தகவல்களைத் தந்தவன் நான்.

அத்தானுக்குச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “பயம் எண்டு சொன்னதுக்குத்தானே இந்த நாட்டுக்குள்ள விட்டவங்க” என்றார். பிறகு, “நீ எழுதினது பிழையா?” என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரலில் இல்லை. தொழில்காரன் இன்னொரு தொழில்காரனிடம் பற்றவைப்பு ஏன் விட்டது என்று கேட்பதுபோல.

“பிழையான இடத்துக்கு எழுதிட்டன் அத்தான்.”

ஒரு சனிக்கிழமை காலை இரண்டு பொலிஸ்காரர் துப்பாக்கியை எடுக்க வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். பொன்ஜூர் என்றார்கள், சப்பாத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார்கள், பெட்டியைப் பெற்றுக்கொண்டதற்குத் தாள் எழுதித் தந்தார்கள். ஆறு நிமிடம். எதிர் வீட்டுத் தமிழ்ப் பெண் குப்பைத் தொட்டியை உள்ளே எடுக்க வந்தவள், அவர்கள் போகும்வரை அதை எடுக்கவில்லை. மத்தியானத்துக்குள் அக்காவுக்கு மூன்று போன். “அண்ணை வீட்டில நிக்கிறாரே? இல்ல, சும்மா கேட்டனான்.” ஒருத்தி நேரடியாகவே கேட்டாள்: “கள்ள நகையாமே, உண்மையா?” அக்கா போனை வைத்துவிட்டு எங்களிடம் வந்து, “ஆரு என்ன எழுதினாலும் கடைசியில என்ர வீட்டு வாசல்லதான் பொலிஸ்” என்றாள். என்னை அவள் தம்பி என்று கூப்பிடாமல் பேசிய நாள் அது.

நீதிமன்றத்தில் மேன்முறையிட முப்பது நாள் இருந்தது. அத்தானின் மனநலத்தில் குறை இல்லை என்று வைத்தியரின் கடிதம் வேண்டும் என்றார் வழக்கறிஞர். குளிசை எழுதிக் கொடுத்தவர் தான்தானே என்று வைத்தியர் மறுத்தார். கடைசியாக அத்தான் ஒரு யோசனை சொன்னார்: பயமில்லை என்று ஒரு கடிதம் எழுதுவோம்.

மொன்ட்ரியால்-நோர்க்காரரையும் அதற்குள் ஒருவிதமாகச் சம்மதிக்க வைத்திருந்தார். பொன்னுருக்கை மாப்பிள்ளை வீட்டில் செய்யாமல் அத்தானின் பேஸ்மென்டில் செய்வது; நாள் பேச மாப்பிள்ளையின் தாய் தகப்பன், மாமன், மாமி என்று நாலு பேர் ஞாயிறு மூன்று மணிக்கு வருவது. மற்ற வாடிக்கைக்காரர் குறைந்துகொண்டு போன நேரத்தில் அவர்கள் அதற்கும் ஓம் என்றது பெரிய விஷயம். அக்கா பலகாரம் எடுத்து வைத்துவிட்டு, சுகமில்லாத ஒரு சிநேகிதியைப் பார்க்கப் போய்விட்டாள். நானும் அத்தானும் முன்னறையில் இருந்து கடிதத்தை எழுதத் தொடங்கினோம். அவர் சொல்ல நான் எழுதுவது.

“எழுது. எனக்கு ஒருத்தரிலயும் பயமில்ல.”

எழுதினேன்.

“பழசெல்லாம் மறந்துபோச்சு.”

“மறந்தா, ஏன் துவக்கு வேணும் எண்டு கேப்பாங்க அத்தான்.”

“கேக்கட்டும். முதல்ல இதை எழுது. குளிசை நிப்பாட்டிட்டன். நித்திரை நல்லாக் கொள்ளுறன்.”

வெளியே கார் நின்ற சத்தம். அத்தான் எழும்பிச் சுவரோடு ஒட்டி ஜன்னலுக்குப் போனார். திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கினார்.

“நாலு பேரெண்டுதானே சொன்னவங்க?”

“ஓம்.”

“அஞ்சு பேர் இறங்குறாங்க. அந்தப் பின்னால நிக்கிறவன் ஆரு?”

எழும்பிப் போய்ப் பார்த்தேன். இருபத்தைந்து வயதிருக்கும், கறுப்பு ஜாக்கெட், கையில் ஒரு பழத்தட்டு. தட்டை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தான்.

“மாப்பிள்ளையின்ர தம்பியா இருக்கும்.”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப பேசாம நில்.”

மணி அடித்தது. நான் கதவுப் பக்கம் ஒரு அடி வைத்தேன். அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நடுங்காத கை என் மணிக்கட்டை இடுக்கிபோல் பிடித்திருந்தது. மற்றக் கையை வயிற்றில் வைத்திருந்தார். இரண்டாவது மணி. மாப்பிள்ளையின் தாய், “அண்ணை, நாங்கள்தான்!” என்று கூப்பிட்டார். உள்ளே தொலைபேசி அடித்து ஓய்ந்தது. ஆட்கள் வாசலில் நின்று தங்களுக்குள் கதைத்தார்கள். ஒரு ஆண் குரல், “வரச் சொல்லிப்போட்டு வெளியில போட்டினமே? நான் அப்பவே சொன்னனான், உந்தப் பொலிஸ் கதை உண்மைதான்” என்றது. மூன்றாவது மணி அடிக்கவில்லை.

கார் போன பிறகும் அத்தான் கொஞ்ச நேரம் திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு என் கையை விட்டுவிட்டு வந்து கதிரையில் இருந்தார்.

“கடிதத்தை எதில விட்டனாங்க?” என்று கேட்டார்.

“நித்திரையில” என்றேன்.